அப்ளிகேஷன்களுக்கு நடுவே டேட்டா ஃப்ளோ: அம்பு எந்தப் பக்கம்?

பீன்யா_முருகன்:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஐடி பிரிவில் இருக்கிறேன். கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் ஈஆர்பி மென்பொருளை மாற்றப்போகிறார்கள். அதற்கு முன் எந்த அப்ளிகேஷனிலிருந்து எதற்கு என்ன டேட்டா போகிறது என்று மொத்தமாக வரைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்ச்சி என்ற டூலில், ஆர்க்கிமேட் என்ற குறியீட்டு முறைப்படி (கம்பெனியின் சிஸ்டங்களைப் படமாகக் காட்டும் முறை) வரைகிறேன்.

சிக்கல் இதுதான். பில்லிங் அப்ளிகேஷன், வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சிஆர்எம்மின் ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் தகவல் கேட்கும் வாசல்) கூப்பிட்டு வாடிக்கையாளரின் முகவரி, ஜிஎஸ்டி எண் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. கூப்பிடுவது பில்லிங்தான், அதனால் அம்பு அங்கிருந்து சிஆர்எம்முக்கு என்கிறார் எங்கள் டெவலப்பர். டேட்டா வருவது எதிர்ப்பக்கம் இல்லையா என்கிறார் பிசினஸ் அனலிஸ்ட். பாதி அம்பு இப்படி, பாதி அப்படி. போதாக்குறைக்கு நடுவில், அப்ளிகேஷன்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா வேறு. எல்லாக் கோடும் அதில் போய் முட்டி, படம் சிலந்திவலையாகக் கிடக்கிறது.

கீதா_மல்லேஸ்வரம்:
முருகன் சார், உங்கள் டெவலப்பர் சொல்வது கால் (ஏபிஐயைக் கூப்பிடும் அழைப்பு) போகும் திசை. அதற்குரிய இடம், யார் யாரை எந்த வரிசையில் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் சீக்வென்ஸ் டயக்ராம். ஆர்க்கிமேட்டில் ஃப்ளோ அம்பு டேட்டா போகும் திசையில்தான் போகும். யார் கூப்பிட்டார்கள் என்ற கேள்வியே அங்கே கிடையாது. விட்டுவிட்டு வரும் கோடு அது. முழுக்கோடாக வரும் சர்விங் உறவு வேறு. சேவை தருபவரிலிருந்து பெறுபவரைப் பார்த்து அம்பு.

உங்கள் விஷயத்தில் சேவை தருவதும் சிஆர்எம், டேட்டா தருவதும் சிஆர்எம். இரண்டு அம்பும் பில்லிங்கைப் பார்த்தே இருக்கும். முகவரி மாறியதும் சிஆர்எம்மே பில்லிங்கின் ஏபிஐயைக் கூப்பிட்டுத் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோ அம்பு அப்படியே இருக்கும், சர்விங் அம்பு திரும்பிவிடும், ஏனென்றால் இப்போது சேவை தருவது பில்லிங். ஈஆர்பியைப் பிடுங்கினால் யாருடைய கால் தோற்கும் என்பதற்கு சர்விங் படம், எங்கே எந்தத் தகவல் வராமல் நிற்கும் என்பதற்கு ஃப்ளோ படம். இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

பீன்யா_முருகன்:
நன்றி மேடம். அப்போ இ-இன்வாய்ஸ்? ஈஆர்பி இன்வாய்ஸ் விவரத்தை ஜேசன் வடிவில் அனுப்புகிறது, அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஐஆர்என் எனும் இன்வாய்ஸ் பதிவு எண்ணையும் கையொப்பமிட்ட க்யூஆரையும் திருப்பித் தருகிறது. இரண்டு அம்பா?

கீதா_மல்லேஸ்வரம்:
இரண்டு. 64 எழுத்து ஐஆர்என் ஈஆர்பியில் சேமிக்கப்படுகிறது, க்யூஆர் இன்வாய்ஸில் அச்சாகிறது, அது டேட்டாதான். ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும் வெறும் ‘200 ஓகே’ மட்டும் திரும்பி வருகிற இடத்தில் அம்பு போட்டால் படம் தாங்காது.

ஒயிட்ஃபீல்டு_வாசி:
காஃப்காவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்டர் எங்கே உருவாகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? அந்த இரண்டுக்கும் நேராகக் கோடு போடுங்கள். காஃப்காவின் எந்த டாபிக் (செய்தி வரிசை) வழியாகப் போகிறது என்பதை அந்த ஃப்ளோவின் ப்ராப்பர்ட்டியில் எழுதினால் போதும். காஃப்கா டீமுக்கு வேண்டுமென்றால் தனி வியூ. நடுவில் ஏதாவது புரோகிராம் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் மட்டும் அதை ஒரு அப்ளிகேஷனாகவே காட்டுங்கள்.

அப்புறம், கோட்டின் மேல் ‘கஸ்டமர் டேட்டா’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். 2016-இல் வந்த ஆர்க்கிமேட் 3.0 முதல் டேட்டா ஆப்ஜெக்டை (ஒரு தகவலைக் குறிக்கும் பெட்டி) ஃப்ளோ கோட்டுடனேயே அசோசியேஷன் என்ற உறவால் இணைக்கலாம். நாளைக்கு 2023 தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்காக ‘வாடிக்கையாளரின் போன் நம்பர் எங்கெல்லாம் போகிறது’ என்று லீகல் கேட்டால், அந்த ஆப்ஜெக்டைத் தொட்டால் எல்லாக் கோடும் வந்துவிடும்.

ஆனால் படத்தை நம்பி உட்காராதீர்கள். ஏபிஐக்களுக்காவது டாக்குமென்ட் இருக்கும். ராத்திரி எஸ்எஃப்டிபியில் (ஃபைல் அனுப்பும் வழி) போகும் சிஎஸ்வி ஃபைலுக்கு யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஷெட்யூலரில் ஓடும் ஜாப் பட்டியலையும், ஈஆர்பி டேபிள்களை நேரடியாகப் படிக்க அனுமதி உள்ள டேட்டாபேஸ் யூசர் பட்டியலையும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவிடம் கேட்டு வாங்குங்கள். எனக்கென்னவோ படத்தைவிட அந்த இரண்டு பட்டியலும்தான் முக்கியம்.

கீதா_மல்லேஸ்வரம்:
யூசர் பட்டியல், நூற்றுக்கு நூறு. ஆனால் மேனேஜர் முன்னால் பட்டியலை நீட்டினால் இரண்டாவது வரியிலேயே போனை எடுத்துவிடுவார், படம் வேண்டும் அண்ணா.

பீன்யா_முருகன்:
பட்டியல் வாங்கிப் பார்த்தேன். கேட்டில் எடைமேடை பிசி ஒன்று இருக்கிறது. லாரி நம்பரை அடித்தால் பர்ச்சேஸ் ஆர்டர் டேபிளை நேராகப் படித்துக்கொள்கிறது! எந்த டாக்குமென்ட்டிலும் இல்லை. இதை எப்படிக் காட்டுவது?

ஒயிட்ஃபீல்டு_வாசி:
ஈஆர்பியிலிருந்து எடைமேடைக்கு ஃப்ளோ. ப்ராப்பர்ட்டியில் ‘நேரடி டேபிள் வாசிப்பு’ என்று போட்டு சிவப்பு நிறம் கொடுங்கள். புது ஈஆர்பியில் அந்த டேபிளே இருக்காது. கேட்டில் லாரி வரிசை கட்டுவதற்குள் வெண்டரிடம் இப்போதே ஒரு ஏபிஐ கேட்டு வையுங்கள்.