மறு: வான்கோழி வேட்டைக் கையேடு – 'தாடி' வேண்டாம், 'மார்க்குஞ்சம்' வெச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நேத்து ராத்திரி வந்த மடல் அத்தனையும் இப்பத்தான் உக்காந்து படிச்சேன். புதுசா சேர்ந்தவங்களுக்காக மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்: நியூயார்க் மாநிலத்துல மே மாசம் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போற நம்ம ஆளுங்க ஏழெட்டுப் பேருக்காக அந்த ஊர் விதிகளத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன். எல்லாரும் பயிற்சி வகுப்பு முடிச்சு லைசென்ஸ் வாங்கினவங்க, விதிய இங்கிலீஷ்லயே படிச்சவங்க, அப்புறம் எதுக்குத் தமிழ்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல மரத்தடில ஒட்டி உக்காந்திருக்கும்போது பக்கத்துல இருக்கிறவன் காதுல கிசுகிசுக்கிறது தமிழ்லதான் வருது அண்ணே, அந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை ஒரே பொருள்ல இருக்கணும், கைல துப்பாக்கி இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சுடலாம்னு விதி சொல்ற பறவைய இங்கிலீஷ்ல 'bearded turkey'ன்னு போட்டிருக்கு, அதத் தமிழ்ல எப்படி எழுதறதுங்கிறதுதான் கேள்வி.

> எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க, 'ஆண் வான்கோழி'ன்னு எழுதிட்டுப் போங்களேன்.

அப்படி எழுதினா விதி தப்பாயிரும். நியூயார்க்ல சீசன் மே 1ல இருந்து 31 வரைக்கும், ஒரு ஆளுக்கு மொத்தம் 2 பறவை, ஒரு நாளைக்கு 1தான், சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி ஆரம்பிச்சு மதியம் 12 மணிக்கு முடிச்சிடணும். இதெல்லாம் தெரிஞ்சதுதான். ஆனா எந்தப் பறவைன்னு சொல்ற எடத்துல சட்டம் ஆணா பொண்ணான்னு கேக்கல, நெஞ்சுல அந்த முடிக்கொத்து (அதத்தான் இங்கிலீஷ்ல beard, 'தாடி'ங்கிறாங்க) இருக்கான்னுதான் கேக்குது. பெட்டைலயும் கொஞ்சத்துக்கு அது மெல்லிசா முளைக்கும், அந்தப் பெட்டையச் சுட்டாலும் சட்டப்படி குத்தமில்ல (நான் சுட மாட்டேன், அது வேற). மிசௌரி மாநிலத்துல விதி வேற மாதிரி, ஆணா இருக்கணும் இல்லாட்டி முடிக்கொத்து கண்ணுக்குத் தெரியணும்னு ரெண்டையும் சேத்துச் சொல்றாங்க. ரெண்டு மாநிலத்துக்கும் 'ஆண்'னு ஒரே சொல்லப் போட்டா இந்த வித்தியாசமே காணாமப் போயிரும்.

> மூலத்துல இருக்கிற மாதிரியே 'தாடியுள்ள வான்கோழி'. எளிமை, எல்லாருக்கும் புரியும்.

நானும் முதல்ல இதத்தான் எழுதினேன். நாமக்கல் அண்ணன் போட்ட ரெண்டே வரி என்னைத் திருப்பிப் போட்டுருச்சு: "எங்க பண்ணைல தாடின்னா தாடைக்குக் கீழ தொங்குற சிவப்புச் சதை, சீக்கு வந்தா கொண்டையும் தாடியும் நீலம் பாரிக்கும்னுதான் டாக்டரும் சொல்வாரு." அவ்வளவுதான். கோழி வளர்த்த யாருக்கும் தாடி எங்க இருக்குன்னு தெரியும், அது கழுத்துல. வான்கோழிக்கும் அங்க சிவப்பாத் தொங்குது. நாம தேடவேண்டியது அதுக்குக் கீழ, நெஞ்சு நடுவுல இருந்து குதிரைவால் முடி மாதிரி கருப்பா தொங்குற கொத்து.

போன வருஷம் மே முதல் வாரம் கேட்ஸ்கில் மலைப்பக்கம் நானும் மச்சானும் போயிருந்தோம். வயல் ஓரத்துல ஒரு பெரிய மேப்பிள் மரம், முதுக அதுல சாச்சு உக்காந்தாச்சு, நான் வான்கோழியக் கூப்பிட வெச்சிருக்கிற சின்னக் கற்பலகைல குச்சிய உரசி மெல்ல ரெண்டு தடவை பெட்டைக் குரல் குடுத்தேன், கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு முப்பது அடி தூரத்துல புல்லுக்குள்ள இருந்து தலையத் தூக்குது. நான் "தாடி தெரியுதா?"ன்னு கேட்டேன். அவன் "நல்லாத் தெரியுது, செவசெவன்னு இருக்கு"ங்கிறான், துப்பாக்கி தோளுக்கு ஏறிருச்சு. செவசெவன்னு சொன்னதுமே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, அவன் முழங்கைய அழுத்திப் புடிச்சேன். அந்தப் பறவை பக்கவாட்டுல திரும்புச்சு, புல்லு நெஞ்சளவு நிக்குது, முடிக்கொத்து இருக்கா இல்லையான்னே தெரியல. நாலு அடி நடந்து காட்டுக்குள்ள போயிருச்சு. அவன் பொய் சொல்லல, நான் கேட்ட வார்த்தைக்குச் சரியாத்தான் பதில் சொன்னான். கேட்ட வார்த்தைதான் தப்பு.

அதனால நான் வெக்கிறது 'மார்க்குஞ்சம்'. சடைக்குஞ்சம் எல்லாருக்கும் தெரியும், கொத்தா கீழ்நோக்கித் தொங்குறதுன்னு சொல்லும்போதே கண்ணுல வந்துருது, 'மார்'னு முன்னாடி சேத்துட்டா எங்க பாக்கணும்கிறதையும் சொல்லிருது. ஒருத்தர் 'மார்முடி' சொல்லியிருந்தார், அது மனுஷன் நெஞ்சு முடிக்குப் போயிரும், தவிர அது முடியும் இல்ல, முடி மாதிரி இருக்கிற இறகுதான். விதி வாசகம் இப்படி வரும்: "மார்க்குஞ்சம் உள்ள வான்கோழியை மட்டுமே சுடலாம்." வாய்ல சொல்லும்போது "குஞ்சம் தெரியுதா?" போதும்.

மத்த சொல்லுங்களப் பத்தி வேகமா.

ஒரு வயசு ஆணுக்கு 'விடலை' சொன்ன தம்பிக்கு நன்றி, அப்படியே எடுத்துக்கிட்டேன். விடலைக்குக் குஞ்சம் குட்டையா இருக்கும், வால விரிச்சா நடு இறகு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும், பெருசுக்கு விசிறி ஒரே மட்டமா இருக்கும். ஒரு ஆள் எத்தனை பறவை எடுக்கலாம்கிற கணக்குக்கு (bag limit) 'பை வரம்பு' வேண்டவே வேண்டாம், நில உச்சவரம்பு தெரிஞ்ச நமக்கு 'வேட்டை உச்சவரம்பு'ன்னா உடனே புரியும். ராத்திரி தங்குற மரத்துக்குப் புதுச்சொல் எதுக்கு, கோழி அடையுதுன்னுதானே சொல்றோம், 'அடையிற மரம்'. கால் பின்பக்கம் கூரா நீட்டிக்கிட்டு இருக்கிறதுக்குச் சேவக்கட்டுக்காரங்க சொல்ற 'முள்ளு'.

வான்கோழிய ஏமாத்திப் பக்கத்துல வரவைக்க வெக்கிற பொம்மைக் கோழிக்குத் தமிழாசிரியர் ஐயா 'பார்வை'ன்னு எழுதியிருந்தார், படிச்சதும் சிலிர்த்துருச்சுங்க ஐயா. புறநானூறு 320ல வேட்டுவன் அசந்து தூங்குறான், மத்த மானை இழுக்க அவன் கட்டி வெச்ச பார்வை மடப்பிணையோட, அதாவது பெண்மானோட, எங்கிருந்தோ ஒரு கலைமான் வந்து விளையாடுது. ரெண்டாயிரம் வருஷத்துக்குப் பக்கமா நம்மகிட்ட இருக்கிற வேட்டைச் சொல், விட மனசில்ல. ஆனா இன்னைக்குப் பார்வைன்னா கண்பார்வைதான் முதல்ல வருது, 'பார்வைக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று கவனிக்கவும்'னு எழுதினா பாதுகாப்பு வரியே குழம்பிரும். 'பார்வைக்கோழி'ன்னு சேத்து எழுதினா உங்களுக்குச் சம்மதமாங்க ஐயா? அந்த வரி ரொம்ப முக்கியம், ஏன்னா ஆண் வான்கோழி தலை சிவப்பு வெள்ளை நீலம்னு இருக்கும், அந்த நிறத்துல துணி போட்டுக்கிட்டு யாரும் வரக்கூடாது, பார்வைக்கோழியத் தூக்கிட்டு நடக்கும்போது ஆரஞ்சுப் பைக்குள்ள போட்டுக்கணும். இன்னொரு ஆள் வர்றது தெரிஞ்சா கைய ஆட்டக்கூடாது, சத்தமா வாய விட்டுக் கூப்பிடணும்.

ஏன் மதியத்தோட முடிக்கணும்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. பெட்டை தரைல முட்டை போட்டு ஏறக்குறைய 28 நாள் அடைகாக்குது, ஆணுக்கு அதுல எந்த வேலையும் கிடையாது, அதான் வசந்தத்துல ஆண எடுத்தா இனத்துக்குப் பெரிய பாதிப்பு வராது. மதியத்துக்கு மேல காட்டுல ஆள் நடமாட்டம் குறைஞ்சா கூட்டுல இருக்கிற பெட்டைக்கு நிம்மதி. இந்தப் பறவை நியூயார்க்ல 1840கள்லயே இல்லாமப் போச்சு, 1948 வாக்குலதான் பென்சில்வேனியா எல்லையத் தாண்டி தானா திரும்ப வந்துச்சு. பண்ணைல வளர்த்து விட்டது காட்டுல நிக்கல, 1959ல இருந்து காட்டுப் பறவையவே புடிச்சு வேற வேற இடத்துல விட்டுத்தான் பெருகுச்சு. கையேட்டுல இத ஒரு பக்கம் முழுசா வெச்சிருக்கேன், விதி மட்டும் படிச்சா யாருக்கும் மனசுல நிக்காது.

பாக்கி நிக்கிறது ஒண்ணே ஒண்ணு, ஆண் வான்கோழி போடுற அந்தச் சத்தம் (இங்கிலீஷ்ல gobble). மயில் அகவும், சேவல் கூவும், கூகை குழறும், இதுக்கு என்ன? 'குழறல்' பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா விடியக்காலைல நாமளே ஆந்தை மாதிரி குரல் குடுப்போம், அதக் கேட்டு மரத்துல இருக்கிற ஆண் தன்னையறியாம பதில் சத்தம் போடும், அத வெச்சுத்தான் எங்க அடைஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறது. 'குழறினதுக்குக் குழறுச்சு'ன்னு சொன்னா எது ஆந்தை எது வான்கோழி? 'களகளப்பு'ன்னு நான் தற்காலிகமா போட்டு வெச்சிருக்கேன், திருப்தியில்ல. வீட்டுல வான்கோழி வளர்த்தவங்க, உங்க ஆத்தா அப்பத்தா இத எப்படிச் சொல்வாங்கன்னு கேட்டு எழுதுங்க. ஞாயித்துக்கெழமை பிரிண்ட் போடணும், அதுக்குள்ள வந்துட்டா மாத்திடறேன்.

அன்புடன்,
கையேடு எழுதுறவன்