கடலில் இறங்கி ஏறினால் காது அடைக்கிறது

படகுக்காரன்:
திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு ஓடுகிறேன். சீசன் தொடங்கினால் வெளிநாட்டுக்காரரோடு நானும் கடலில் இறங்க வேண்டிவரும். ஏறியதும் வலது காது அடைத்துக்கொள்கிறது. பின்னேரம் வரை என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கிறது. வலியில்லை, சீழுமில்லை. அம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார். கூட்டாளி ஒருவன் மெழுகுக்குழாயைக் காதில் வைத்துக் கொளுத்தினால் காதுக்குடுமி, அதாவது காதழுக்கு, வந்துவிடும் என்கிறான். தினமும் பட்ஸ் போட்டுத் துப்புரவாக்குகிறேன், அப்படியும் ஏன் இது?

உப்புவெளி:
அண்ணை, ஹைட்ரஜன் பெரொக்சைட் விட்டுப் பாருங்கோ. நுரைச்சுக்கொண்டு வரும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
தம்பி, பட்ஸ் போடுவதால்தான். காதுக்குடுமி சுரப்பது துவாரத்தின் வெளிப்பக்கத்து மூன்றிலொரு பங்கில் மட்டும். உள்ளே இருக்கும் தோல் மெல்ல மெல்ல வெளியே நகரும், சப்பும்போது தாடையும் தள்ளிக்கொடுக்கும். தானாக வெளியே வருகிறதை நீங்கள் தினமும் உள்ளே இடிக்கிறீர்கள். அந்தக் கட்டி கடல்தண்ணீரில் ஊறிப் பருத்ததும் வழி முழுதாக அடைபடும். காதுக்கிளினிக்கில் நான் தாதியாக வேலை செய்த காலத்தில் பட்ஸின் பஞ்சையே உள்ளே விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். கொண்டை ஊசிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாமசியில் ஓலிவ் எண்ணெய்த் துளியோ சோடியம் பைகார்பனேட் துளியோ வாங்குங்கள். சரிந்து படுத்து 2, 3 துளி விட்டு, ஐந்து நிமிடமாவது அப்படியே கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3, 4 தடவை, 3 முதல் 5 நாள். முதலில் அடைப்புக் கூடினதுபோல இருக்கும், பயப்படாதீர்கள். செவிப்பறையில் முன்பு ஓட்டை இருந்தது என்றாலோ, காது வடிந்தாலோ எதையும் விடக்கூடாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், காய்ச்சிய எண்ணெய் காதைச் சுட்டுவிடும். மெழுகுக்குழாய் வெறும் ஏமாற்று. எரிந்த பிறகு அடியில் காட்டுகிற மஞ்சள் நிறத் தூள் அந்த மெழுகின் மிச்சம். பெரொக்சைட் எத்தனை வீதம் என்று பாராமல் விட்டால் தோல் எரியும்.

அப்படியும் திறக்காவிட்டால் டொக்டரிடம் காட்டிக் கழுவுங்கள், அல்லது உறிஞ்சி எடுப்பார்கள். கழுவும் தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். காதுமடலை இழுத்தால் வலிக்கிறது என்றால் அது குடுமி அல்ல, தொற்று. திடீரென ஒரு காது கேட்காமல் போனால் எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படகுக்காரன்:
நன்றி மிஸ். காதில் அடைப்பான் போட்டு நீந்தலாமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
மேலே மிதப்பதென்றால் சரி. சுழியோடப் போடாதீர்கள், ஆழத்தில் அழுத்தம் அதை உள்ளே தள்ளும். குடுமி எடுக்கும்வரை சுழியோடவே வேண்டாம். அடைத்த காதுக்குள் தண்ணீர் போகாது; மற்றக் காதில் மட்டும் குளிர்தண்ணீர் பட்டால் தலைசுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விடும்.