மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? (பெங்களூரு)

அல்சூர்வாசி:
பாகப்பிரிவினை வழக்கு, சிட்டி சிவில் கோர்ட்டில் தோற்றோம். உயர் நீதிமன்றத்தில் ஆர்.எப்.ஏ. (முதல் மேல்முறையீடு) போட 90 நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்னும் உறுத்துவது தாக்கல் கவுண்டரில் கழிந்த ஒரு நிமிடம். வக்கீல் பக்கம் பக்கமாக எழுதியிருந்த காரணங்களில் ஒரு வரியைக்கூட அங்கிருந்தவர் படிக்கவில்லை. நேராகத் தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே முத்திரையில் தேதிகள்: நகலுக்கு விண்ணப்பித்தது, நகல் தயாரானது, கையில் வாங்கியது. தயாரான தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு, "தட ஆகிதெ" (தாமதமாகிவிட்டது) என்றார். நகல் தயாரான பிறகும் வக்கீல் அலுவலகத்திலிருந்து யாரும் போய் வாங்கவில்லை. விண்ணப்பித்து நகலுக்குக் காத்திருந்த நாட்களைத்தான் கழிப்பார்களாம், தயாராகிச் சும்மா கிடந்த நாட்கள் எங்கள் 90-இல் சேர்ந்துவிட்டன. தாத்தா காலத்துச் சண்டை, கடைசியில் ஒரு ரப்பர் முத்திரையில் வந்து நின்றது.

விவேக்நகர் மாடிவீடு:
உங்களுக்குக் கவுண்டரில், எங்களுக்கு வாசலில். மேல்முறையீட்டுக்கு எண் விழுந்துவிட்டது, இனி வீட்டை ஒருவரும் தொட முடியாது என்று மாமனார் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆடி வெள்ளியன்று வீட்டைக் காலி செய்ய வைக்கக் கோர்ட் அமீனா வந்து நின்றார். மாமனார் மனுவின் நகலை நீட்டினார். வந்தவர் முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், என்னைப் பார்த்து, "ஸ்டே இதெயா அம்மா?" (தடை உத்தரவு இருக்கிறதா) என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் இன்னும் எரிச்சல். மேல்முறையீடு போட்டதாலேயே டிக்ரி (தீர்ப்பின்படி கோர்ட் எழுதும் முறையான உத்தரவு) நின்றுவிடாது, தடைக்குத் தனி மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்த பிறகுதான் வக்கீல் போனை எடுத்தார்.

பழைய குமாஸ்தா, ஸ்ரீராமபுரம்:
அல்சூர்வாசி, "எல்லோருக்கும் தெரிந்ததுதான்" என்று எழுதி நாலு பேரைக் கெடுக்காதீர்கள். 90 நாள் உயர் நீதிமன்றத்துக்கு மட்டும். மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் 30 நாள்தான். ராமநகரத்தில் என் தம்பி 90 என்று நம்பி உட்கார்ந்திருந்தான், அவன் கதை அவ்வளவுதான்.

இனி யாராவது போவதாக இருந்தால் கேளுங்கள். தீர்ப்பு சொன்ன அன்றே நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். டிக்ரி எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விண்ணப்பம் போடுவதற்கு முன் டிக்ரி தயாரிக்கக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழிக்க முடியாது என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அதற்கு மேல் போனால் தாமத மன்னிப்பு மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் மேல்முறையீட்டோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். 1987-இல் காதிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தாமதத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது உண்மை. அதை நம்பித் தூங்க வேண்டாம். சமரச டிக்ரிக்கு மேல்முறையீடே கிடையாது, அதையும் எழுதிவிடுகிறேன்.

விவேக்நகர் மாடிவீடு:
ஐயா, சமரச டிக்ரியைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்?

சிவாஜிநகர் தையற்கடை:
தம்பியின் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் படிக்க வந்தேன். என் அனுபவம் வேறு. தோற்ற பிறகு அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய வரி ரசீது கிடைத்தது. இது போதும், ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். விசாரணையில் நீதிபதி அதைக் கையில் வாங்கவே இல்லை. "கீழ்க்கோர்ட்டில் இது எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். பெட்டியில் இருந்தது என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு தேடியும் அப்போது கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் சிவில் நடைமுறைச் சட்டம் 41-ஆவது ஆணையின் 27-ஆம் விதிப்படி புதிய சான்றை ஏற்பார்களாம். பெட்டியோ எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

அல்சூர்வாசி:
குமாஸ்தா ஐயா, நான் எழுதியதே உயர் நீதிமன்றத்தைப் பற்றி, மறுபடி படியுங்கள். எங்கள் தாமத மனு தசரா விடுமுறை முடிந்து வருகிறது. அது முடியும்வரை ஸ்டேவும் கிடைக்காது என்கிறார் புது வக்கீல். எதிர்த்தரப்புப் பெரியப்பா மகன் அந்த இடத்துக்கு அதற்குள் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டான், அதுவும் பச்சை.