வெலாசிட்டியை ஃபில்டருக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிந்தசைசர் வாங்கி ஒரு வருடம் வரைக்கும், வெலாசிட்டி (கட்டையைத் தட்டும் வேகம்) என்றால் சத்தம் கூடுவதும் குறைவதும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மெனுவைக் குடைந்தபோது அதை, ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டருக்கும் கொடுக்கலாம் என்று தெரிந்தது. அளவை முழுசாக ஏற்றிவிட்டு வாசித்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. சிந்த் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அசடு நான்தான். கட்ஆஃப், அதாவது ஃபில்டர் தடுக்கத் தொடங்கும் இடம், ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுதாகத் திறந்து கிடந்தது. லோ-பாஸ் ஃபில்டருக்கு வேலையே மேலே உள்ள அதிர்வுகளைத் தடுப்பது. எதையும் தடுக்காமல் இருப்பதைப் போய் இன்னும் திற என்றால் அது எதைத் திறக்கும்? கட்ஆஃபை இறக்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒலி மங்கும் இடத்தில் நிறுத்தினேன். இப்போது மெல்லத் தொட்டால் 'ம்', கொஞ்சம் வேகமாகத் தொட்டால் 'ஓ', ஓங்கித் தட்டினால் 'ஆ'. அன்றைக்கு ஒரே நோட்டை அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கட்ஆஃபை நேரடியாக நகர்த்துவதை விட்டுவிட்டு, ஃபில்டர் என்வலப்பின் (நோட் ஒலிக்கும்போது கட்ஆஃபை ஏற்றி இறக்கும் பகுதி) அளவை வெலாசிட்டியிடம் ஒப்படைத்தேன். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நேரடியாகக் கொடுத்தால் தட்டிய கணத்தில் ஓர் இடத்துக்குப் போய், நோட் முடியும்வரை அங்கேயே நிற்கிறது. என்வலப் வழியாக என்றால் ஏறி இறங்குகிறது. எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதை விரல் சொல்கிறது. சஸ்டெய்ன் (கட்டையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு) பூஜ்யம், டீகே (உச்சத்திலிருந்து இறங்கும் நேரம்) சுமார் 300 மில்லிசெகண்ட், ரெசனன்ஸ் (கட்ஆஃப் அருகே ஒலியைத் தூக்கிக் காட்டுவது) பாதிக்குக் கீழே. பேஸுக்கு இது போதும். வால்யூமுக்குப் போகும் வெலாசிட்டியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஓங்கித் தட்டிய நோட் பக்கத்து நோட்டையெல்லாம் விழுங்கிவிடும்.

*

எனக்கு நேர் எதிர். எல்லா நோட்டும் 'ஆ'தான். கட்டையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை வெலாசிட்டி அளப்பதில்லை என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பெரும்பாலான கீபோர்டுகளில் கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது பட்டு இரண்டாவது படுவதற்குள் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. அது மிடியில் (இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் மொழி) 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக வரும். நான் வாசித்ததை ரெக்கார்ட் செய்து எண்களைப் பார்த்தேன். முக்கால்வாசி 95-க்கும் 115-க்கும் நடுவில்! மெல்ல வாசித்ததாக நான் நம்பிய இடங்கள்கூட 90. வெலாசிட்டி கர்வை (எந்த வேகத்துக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் அமைப்பு) மாற்றியதும் அதே கைக்கு 50, 60 எல்லாம் வர ஆரம்பித்தது. மீதியைக் கை பழகித்தான் தீர வேண்டும்.

*

மோனோ பேட்ச் (ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டும் ஒலிக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லெகாட்டோ (நோட்டுகளை இடைவெளியின்றிச் சேர்த்து வாசிப்பதற்கான முறை) போட்டிருந்தால், முதல் கட்டையை விடாமல் அடுத்ததைத் தொடும்போது என்வலப் புதிதாகக் கிளம்பாது. என் சிந்தில் அந்த இரண்டாவது நோட்டின் வெலாசிட்டியும் காற்றில் போய்விடுகிறது. இது தெரியாமல் இரண்டு நாள் கட்டையைப் போட்டு அடித்தேன். இப்போது அழுத்தம் வேண்டிய நோட்டுக்கு முன்னால் விரலை ஒரு கணம் எடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

*

என்னிடம் இருப்பது ஜூனோ-106 என்ற பழைய ரோலண்ட் சிந்த். 1984-இல் வந்தது, வெலாசிட்டியே கிடையாது. வெளியே இருந்து மிடியில் அனுப்பினாலும் கண்டுகொள்ளாது. அதனால் வலது கை வாசிக்கும், இடது கை கட்ஆஃப் ஸ்லைடரிலேயே கிடக்கும். தனி மெலடிக்கு இதுவே ஒரு சுகம். நோட் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திறக்கலாம், மூடலாம், வெலாசிட்டியால் அது ஆகாது. ஆனால் கார்டு பிடித்தால் ஆறு குரலும் ஒன்றாகத் திறக்கின்றன. நடுவில் இருக்கும் ஒரு நோட்டை மட்டும் பளிச்சென்று எடுத்துக் காட்ட வழியில்லை. அந்த இடத்தில் உங்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.