ஹோம் மேட்ச்சுக்கு போறத எப்ப, எதனால நிறுத்துனீங்க?

பெரம்பூர் ப்ளூ:

ரொம்ப நாளா கேக்கணும்னு மனசுல கெடந்தது. நம்ம ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்சிக்காக 2014ல இருந்து நேரு ஸ்டேடியத்துக்கு ஓடிட்டிருந்தவங்க இங்க நெறைய பேரு இருக்கீங்க, இப்ப பாதி பேரு போறதில்ல. எங்க செட்டுல மட்டும் எட்டு பேரு, இப்ப ஒருத்தன் கூட போறதில்ல. வெளிய இருந்து பாக்கறவங்க "டீம் தோக்குது, அதான் கூட்டம் இல்ல"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க, எனக்கு அது சரியாவே படல, ஏன்னா தோத்தப்பவும் நாங்க போயிருக்கோம்.

2018-19 சீசன் ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்தின மார்ச்சுல தான் பெங்களூருக்கே போய் பெங்களூர் டீம 3-2ன்னு அடிச்சு ரெண்டாவது கப்ப தூக்கிட்டு வந்தோம், அடுத்த சீசன்ல 18 மேட்ச்ல 2 தான் ஜெயிச்சோம், 9 பாயிண்ட், டேபிள்ல கடைசி. நார்த்ஈஸ்ட் டீம் கூட மேட்ச் அன்னிக்கு நான் ஸ்டாண்ட்ல தான் இருந்தேன், நம்ம தோய் சிங் ரெண்டு போட்டு 3-1ன்னு முன்னாடி நின்னோம், அவங்க ஆளு ஒக்பெச்சே ஹாட்ரிக் அடிச்சு கடைசில 3-4ன்னு தோத்து வெளிய வந்தோம். யாரும் யாரோடவும் பேசல. ஆனா அடுத்த ஹோம் மேட்ச்சுக்கும் அதே எட்டு பேரும் போனோம்.

நான் முழு மனசோட போன கடைசி மேட்ச் 2020 பிப்ரவரி 29, செமி ஃபைனல் முதல் லெக் (ரெண்டு மேட்ச்ல மொதலாவது), கோவா டீம 4-1ன்னு அடிச்சோம். டேபிள்ல அடியில கெடந்த டீம டிசம்பர்ல கோச் ஓவன் காய்ல் வந்து கையில எடுத்து அது வரைக்கும் கொண்டாந்து நிறுத்துனாரு. அன்னிக்கு மூஞ்சி பூரா நீல பெயிண்ட் அடிச்சிட்டு போயிருந்தேன், திரும்பும்போது வேர்வையோட ஹெல்மெட்ட மாட்டுனதுல உள்ள இருக்கற பஞ்சுல எல்லாம் ஒட்டிக்கிச்சு, நெத்தி படற எடத்துல நீளமா ஒரு பட்டை, ரெண்டு கன்னத்துக்கும் ரெண்டு திட்டு. சோப்பு போட்டு தேச்சும் போகல, இன்னிக்கும் அப்படியே இருக்கு. ரெண்டு வாரத்துல ஃபைனல், கொரோனாவால ஆளே இல்லாத ஸ்டேடியத்துல கோவால நடந்துச்சு, கொல்கத்தா டீம் ஏடிகே கிட்ட 3-1ன்னு தோத்தோம். அப்புறம் ரெண்டு சீசன் மொத்தமா கோவாலயே பூட்டுன கேட்டுக்குள்ள ஓடுச்சு. டீம் மறுபடியும் சென்னையில ஆடுனது 2022 அக்டோபர்ல. ரெண்டரை வருஷத்துக்கும் மேல!

அதுக்குள்ள எட்டு பேர்ல ஒருத்தன் ஹைதராபாத் போயிட்டான், ஒருத்தன் துபாய், ரெண்டு பேருக்கு கொழந்தை பொறந்துடுச்சு, ஒருத்தன் நைட் ஷிஃப்டுக்கு மாறிட்டான். யாரும் சண்டை போட்டுக்கல, யாரும் டீம திட்டிட்டு போகல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு "கெளம்பிட்டியா"ன்னு கேக்க ஆள் இல்லாம போச்சு, அவ்ளோதான்.

அந்த 2022 நவம்பர் 12, மும்பை மேட்ச். ஊர்ல ரெண்டு நாளா மழை. நான் ஜெர்சி போட்டு, வண்டி சாவிய கையில வெச்சிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன், அம்மா "இந்த மழைல தனியாவா போற"ன்னு கேட்டாங்க, நின்னுட்டேன். போன்ல பாத்தேன். 2-0ன்னு நாம லீடு. ஐயோ போயிருக்கலாமேன்னு வயிறு எரியுது. அப்புறம் அவங்க வரிசையா ஆறு கோல் போட்டாங்க, 2-6. அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்தது கோவம் இல்லங்க, நிம்மதி. நல்லவேளை போகலன்னு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி வந்துச்சு பாருங்க, அதுல தான் எல்லாம் போச்சுன்னு நெனைக்கிறேன். அதுக்கப்புறம் போகாம இருக்கறதுக்கு காரணம் எதுவும் தேவைப்படல. போறதுக்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்துச்சு.

உங்களுக்கு எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க.

ஆவடி லோக்கல்:

ப்ரோ எனக்கு கத சிம்பிள், வீட்டுக்கு திரும்பி வர்றது தான் பிரச்சனை. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, காலைல 6 மணி ஷிஃப்டு. வார நாள்ல மேட்ச்சு 7.30க்கு ஆரம்பிச்சா முடிய 9.20 ஆயிடும், அங்கருந்து கூட்டத்தோட நடந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷன் வந்து லோக்கல் புடிச்சு ஆவடில எறங்கறப்ப பத்தே முக்காலுக்கு மேல ஆயிடும், வண்டி விட்டுட்டு போற எடத்துல ஷட்டர் எறக்கியிருப்பாங்க, அப்புறம் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடை. கால்ல சேறு, வழி பூரா நாய், நவம்பர் டிசம்பர்னா மழை வேற.

ஆனா ஒண்ணு சொல்லணும். 2018 மார்ச்சுல கோவாவ 3-0ன்னு அடிச்சு ஃபைனலுக்கு போனோமே, அன்னிக்கும் இதே ட்ரெயின், இதே நாலு கிலோமீட்டர் தான். பெட்டி பூரா பாட்டு, வில்லிவாக்கத்துல எறங்கறவன் கூட கட்டிப்புடிச்சிட்டு எறங்கறான், அவன் யாருன்னே எனக்கு தெரியாது. அந்த நடை எனக்கு நடையாவே தெரியல. தோத்துட்டு வர்ற அன்னிக்கு அதே ரோடு பத்து கிலோமீட்டரா நீளுது. தோல்விக்காக நான் போகாம இருக்கல, தோத்தா தூரம் ஜாஸ்தியாகுது, அதத்தான் ஒடம்பு தாங்க மாட்டேங்குது. இப்ப வயசு 41.

ஜோசியம் மாதிரி இருக்கும், ஆனா ஹோம்ங்கற விஷயமே நமக்கு நெலையா இருந்ததில்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல செமி ஃபைனல் ஹோம் லெக் புனேக்கு போச்சு. 2019ல ஆசிய க்ளப்புங்களுக்கான ஏஎஃப்சி கப் ஹோம் மேட்ச் எல்லாம் அகமதாபாத்ல நடந்துச்சு. அப்புறம் கோவா. வாராவாரம் போயிட்டு வர்ற பழக்கம் ஒண்ணு ஒடம்புல ஊறணும்ல, ஊற ஊற யாராவது கலைச்சிடுறாங்க.

கீழ்ப்பாக்கம் அம்மா:

நான் என் பொண்ணுக்காக போக ஆரம்பிச்சவ. அவளுக்கு 11 வயசு, கோச்சிங் போறா, ரைட் விங். 2025 ஜனவரி 30 கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச்சுக்கு கூட்டிட்டு போனேன். உள்ள போய் உக்காந்தா சுத்தி எங்க பாத்தாலும் கேரளா ரசிகர்களோட மஞ்சள் ஜெர்சி. அவங்கள நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், எங்களுக்கு பின் வரிசைல இருந்த பசங்க கண்ணூர்ல இருந்து ராத்திரி ட்ரெயின் ஏறி வந்ததா சொன்னாங்க, காலைல சென்ட்ரல்ல எறங்கி அங்கயே குளிச்சு கெளம்பி வந்திருக்காங்க, மேட்ச் முடிஞ்சதும் திரும்ப ட்ரெயின். என் பொண்ணுக்கு முறுக்கு வேற குடுத்தாங்க.

3 நிமிஷத்துல மொத கோல் வாங்கினோம், அப்புறம் நம்மாளு ஒருத்தருக்கு ரெட் கார்டு, 1-3. இவ ஸ்கோர பத்தி ஒண்ணும் பேசல. ஆட்டோல வரும்போது "அம்மா, அவ்ளோ தூரத்துல இருந்து அவங்க வராங்க, நம்ம ஊர்காரங்க ஏன் வரல?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்றது? எங்க அப்பார்ட்மெண்ட்ல எனக்கு தெரிஞ்சு நாலு வீட்ல டிவில அந்த மேட்ச பாத்திருக்காங்க, ஸ்டேடியம் பத்து நிமிஷ தூரம். அந்த கேள்விக்கப்புறம் எனக்கு அவள கூட்டிட்டு போக கூச்சமா இருக்கு. காலியா கெடக்கற சேர அவ எண்ண ஆரம்பிச்சிடுவாளோன்னு பயம். அவ இன்னும் கேக்கறா, நான் தான் எக்ஸாம், சளின்னு தள்ளிப் போட்டுட்டிருக்கேன்.

வியாசை லெஃப்ட் பேக்:

ஆவடி அண்ணன் சொன்ன அந்த கோவா மேட்ச்ல ரெண்டாவது கோல் யார் போட்டதுன்னு சொல்லாம விட்டுட்டாரு. தன்பால் கணேஷ். எங்க வியாசர்பாடி. அன்னிக்கு எங்க ஏரியால இருந்து வேன் புடிச்சு போனோம், வேன்ல 14 பேரு ஏறணும், 22 பேரு ஏறுனோம். உள்ள வந்த பால அண்ணன் தலையால முட்டி உள்ள தள்ளுனப்ப என் பக்கத்துல நின்ன பெருசு, அவரு கணேஷ் அண்ணன சின்ன பையனா இருக்கறப்பவே கிரவுண்ட்ல பாத்தவரு, கத்தவே இல்ல, அப்படியே படில உக்காந்து துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. நான் ஃபுட்பால்ல பாத்ததுலயே பெரிய விஷயம் அது தான்.

எங்களுக்கு மேட்ச் பாக்க ஆர்வம் கொறையல. ஞாயித்துக்கிழம காலைல எங்க கிரவுண்டுக்கு வந்து பாருங்க, மண்ணு கிரவுண்டு, கோல் போஸ்டுக்கு நெட்டு கெடையாது, சுத்தி செவுரு மேல எல்லாம் ஆளு. ஏன்னா ஆடறவன் யாருன்னு ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். அவன் அம்மா இட்லி கடை எங்கன்னு தெரியும். ஸ்டேடியத்துல இறங்கற பதினோரு பேர்ல நம்ம பசங்க ரெண்டு பேரு இருந்தா தோத்தாலும் போவோம், தோத்துட்டு வந்து அவன் வீட்டு வாசல்ல நின்னே "டேய் ஏன்டா அந்த பால விட்ட"ன்னு கேப்போம். யாருமே தெரியாத டீம் ஜெயிச்சா பாக்கலாம். தோத்தா யாருக்காக அழறது? எனக்கு இதுதான் மெயின் காரணம்.

ட்ரம் பார்ட்டி:

எல்லாத்தையும் படிச்சேன். நான் இன்னும் போறவன், அதனால கொஞ்சம் கோவமாவே சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எங்ககிட்ட பெரிய ட்ரம் ஒண்ணு இருக்கு. மேல் வரிசைக்கு தூக்கிட்டு போக நாலு பேர் வேணும், ரெண்டு பேர் பட்டைய புடிக்கணும், ரெண்டு பேர் அடில கை குடுக்கணும். போன சீசன்ல பாதி மேட்ச்சு நானும் இன்னொரு பையனும் மட்டும் படி படியா வெச்சு வெச்சு தூக்கிட்டு போனோம். நடுவுல நின்னு மூச்சு வாங்குவோம். கீழ டீம் வார்ம் அப் பண்ணிட்டிருக்கும். கூட்டம் நெறைய இருந்தா என் ட்ரம் சத்தம் அதுல கரைஞ்சிடும், ஆள் இல்லாத அன்னிக்கு ஒரு அடி அடிச்சா எதிர் ஸ்டாண்ட்ல மோதி திரும்பி வருது. அந்த சத்தத்த கேட்டுட்டே தொண்ணூறு நிமிஷம் அடிக்கறது எவ்ளோ கஷ்டம்னு வீட்ல இருந்து பாக்கறவங்களுக்கு தெரியாது.

2024-25ல 13 டீம்ல 11வது வந்தோம். தெரியும். ஒரு தோல்விக்கப்புறம் ஒரு ப்ளேயர் தனியா எங்க பக்கம் ட்ராக் வரைக்கும் நடந்து வந்து கை தட்டிட்டு நின்னாரு, நாங்க முப்பது பேர் இருப்போம். கிரவுண்ட சுத்தி ஓட்டப்பந்தய ட்ராக் இருக்கறதால எப்பவுமே அவங்க தூரமா தெரிவாங்க, அன்னிக்கு மூஞ்சி நல்லா தெரிஞ்சுது, கண்ணு செவந்திருந்துச்சு. அத நான் யாருக்கு சொல்லுவேன்? பக்கத்துல பாக்க ஆள் இல்ல.

கோவை நேரு ஸ்டேடியம் ரசிகன்:

நான் உங்க டீம் இல்ல, ஆனா சொல்லணும்னு தோணுது. நீங்க கடைசில வந்த அதே 2018-19ல நாங்க இங்க ஐ-லீக்ங்கற இன்னொரு லீக்ல சாம்பியன். சென்னை சிட்டி எஃப்சி, பேர் தான் சென்னை, ஆடுனது கோயமுத்தூர். 2019 மார்ச் 9, கடைசி மேட்ச், ஜெயிச்சா கப்பு, மினர்வா டீம்கிட்ட மொதல்ல கோல் வாங்கிட்டு 3-1ன்னு ஜெயிச்சோம். அதுக்கடுத்த சீசன்ல டீம் சரியா ஆடல, "அப்புறம் போய்க்கலாம்"ன்னு நானும் நாலஞ்சு மேட்ச் விட்டேன். அப்புறம் கொரோனா. இப்ப அந்த டீமே இல்லைங்க. ஸ்டேடியம் வழியா பஸ்ல போறப்ப லைட் கம்பத்த பாத்தா அந்த விட்ட நாலு மேட்ச் தான் ஞாபகம் வருது, ஜெயிச்ச மேட்ச் வரல. 2025ல உங்க லீக் நடக்குமா நடக்காதான்னு மாசக்கணக்கா இழுத்தப்ப எனக்கு உங்கள நெனச்சு பயமா இருந்துச்சு.

பெரம்பூர் ப்ளூ:

கோவை அண்ணே, நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சிட்டேன். 2025ல அந்த இழுபறி ஓடுனப்ப நானும் தெனம் ராத்திரி போன்ல நியூஸ தேடிட்டே இருந்தேன், ஸ்டேடியத்துக்கு போகாதவன் எதுக்கு தூங்காம தேடறேன்னு எனக்கே புரியல அப்போ.

கீழ்ப்பாக்கம் அக்கா, பாப்பாவ கூட்டிட்டு வாங்க, தள்ளிப் போடாதீங்க. சேர் எண்ணுனா எண்ணட்டும், நாங்க ரெண்டு மூணு பேரு உங்க வரிசைலயே உக்காந்துக்கறோம்.

வியாசை தம்பி, ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு? நான் பெரம்பூர்ல இருந்து நடந்தே வந்துடுவேன், இத்தன வருஷமா பக்கத்துலயே இருந்துட்டு உங்க கிரவுண்டுக்கு ஒரு தடவ கூட வரல, அது என் தப்பு.

ஆவடி அண்ணே, நீங்க ஏறுற லோக்கல் பெரம்பூர் வழியாத்தான போகுது. வார நாள்ல மேட்ச் வந்தா இங்க எறங்கிடுங்க, எங்க வீட்ல மாடி ரூம் சும்மா தான் கெடக்கு, தங்கிட்டு காலைல அஞ்சு மணி ட்ரெயின் புடிச்சு அம்பத்தூர் போயிடலாம். அம்மா கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க.

ட்ரம் பார்ட்டி ப்ரோ, அடுத்த ஹோம் மேட்ச்சுக்கு ட்ரம்ம எத்தன மணிக்கு எறக்குவீங்க, எந்த கேட்டு? நானும் ஆவடி அண்ணனும் சேந்தா நாலு பேர் ஆச்சு.