13 வயசு உதைபந்தாட்டக் கோல் கீப்பருக்குப் பயிற்சியில ஒரு நாளைக்கு எத்தனை பந்து?

உப்புவெளி மணல்:
கீப்பரின்ர கண்ணும் கையும் மழுங்காமல் இருக்கோணும் எண்டால் பந்து நிறையப் பிடிக்கோணும். கடற்கரையில இடைவிடாமல் 100 பந்து அடியுங்கோ. மணலில விழுந்தால் நோகாது, பாயிற பயமும் போயிடும்.

கோணமலைக் கையுறை:
அண்ணா, அந்த 100இல முதல் 20 தான் பயிற்சி. மூச்சு வாங்கத் தொடங்கினால் பொடியன் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டுவான், இல்லாட்டி அடிக்க முதலே ஒரு பக்கம் சாய்வான். மிச்சப் பந்தெல்லாம் அந்தப் பிழையைத்தான் உடம்பில ஏத்தும். 6 பந்து, 1 நிமிச ஓய்வு, 5 சுற்று காணும். ஒவ்வொரு பந்துக்கும் ஒண்டை மட்டும் பாருங்கோ: அடிக்கிறவன்ர கால் பந்தில படேக்க கீப்பரின்ர ரெண்டு பாதமும் நிலத்தில இருக்கோ? செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில வாற பெனால்டி, 11 மீற்றரை 0.55 செக்கனில கடக்கும். அந்த நேரம் கால் அந்தரத்தில இருந்தால் தள்ளிப் பாயவே ஏலாது.
மணல் விழப் பழக மட்டும் நல்லது. பாதம் புதையிறதால கால் வேகம் அங்க வராது.

உப்புவெளி மணல்:
களைச்சாலும் பிடிக்கத் தெரியோணும்தானே தம்பி? கடைசி 10 நிமிசத்தில கோர்னர் வந்தால் என்ன செய்யிறது?

கோணமலைக் கையுறை:
அந்த நேரத்தில கீப்பருக்குக் களைக்கிறது கவனம். 20 நிமிசம் பந்தே வராமல் நிண்டவனுக்குத்தான் கோல் விழும். அதால காத்திருக்கிறதையும் பழக்கோணும். மற்றவங்கள் 8க்கு 8 விளையாடேக்க, பந்து எதிர்ப்பக்கம் இருந்தால் இவன் பெனால்டி பொக்ஸ் விளிம்புக்கு வரட்டும். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் அடி அடியாப் பின்வாங்கட்டும். யார் தனிய நிக்கிறான் எண்டு வாய் விட்டுச் சொல்லோணும். வாய் மூடினால் கவனம் போயிட்டுது எண்டு விளங்கும். 5 நிமிசத்துக்கு ஒருக்கா, சொல்லாமல் ஒரு நீளப் பந்தைப் போடுங்கோ.

நிலாவெளிக் காத்து:
ரெண்டு பேரும் பந்தின்ர அளவை விட்டுட்டியள். இவனை விடச் சின்னப் பொடியங்களும் பழகினால், 12 வயசு வரைக்கும் 4ஆம் இலக்கப் பந்து குடுங்கோ. 5ஆம் இலக்கம் சின்னக் கைக்குள்ள அடங்காது, மணிக்கட்டுப் பின்னுக்கு மடியும், பொடியன் பிடிக்கிறதை விட்டுட்டுத் தட்டத் தொடங்குவான். கச்சான் எண்ட வறண்ட காத்து வீசிற மாதங்களில கையுறை காய்ஞ்சு புழுதி ஏறி வழுக்கும். உள்ளங்கையை லேசா நனைச்சுட்டு இறக்குங்கோ. காத்துக்கு எதிரா வாற உயரப் பந்து நடுவழியில தொங்கி முன்னுக்கு விழும், அதுக்கு அவசரப்பட்டுப் பின்னால ஓடப்படாது.
2025 யூலைச் சட்டத்தையும் பழக்குங்கோ: 8 செக்கனுக்கு மேல கையில வைச்சிருந்தால் எதிரணிக்குக் கோர்னர்.

உப்புவெளி மணல்:
சரி, 100ஐ 30 ஆக்கலாம். ஆனா 1 நிமிச ஓய்வு கூடிப்போச்சு, உடம்பு ஆறிடும். 30 செக்கன் காணும்.

கோணமலைக் கையுறை:
30 செக்கன் மூச்சு அடங்கவே காணாது அண்ணா. ஆறாமல் இருக்க, ஓய்வில அவனை ரெண்டு கம்பத்துக்கும் இடையில நடக்க விடுங்கோ. பந்து பொறுக்கிறது வேற ஆளின்ர வேலை.