கடற்கரையில் அமர்ந்து பேசும் காதலர்களைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது சரியா?

கேள்வி: கணக்கு வாத்தியார், கடலூர்

வணக்கம். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாலை நேரத்தில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடைப்பயிற்சி செய்யும் 14 பேர் கொண்ட குழுவில் நானும் ஒருவன். சென்ற மாதம் வரை நடந்து முடித்து, சுக்குக் காபி குடித்து, அரசியல் பேசிக் கலைந்துகொண்டிருந்தோம். இப்போது எங்களில் சிலர் புதிதாக ஒரு பொறுப்பைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படகு மறைவில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி வயதுப் பிள்ளைகளை எழுப்பி, பெயரும் ஊரும் கேட்டு, அடையாள அட்டையையும் முகத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, தெரிந்தவர்கள் மூலமாக வீட்டாருக்குச் சேர்த்துவிடுகிறார்கள்.

போன வியாழனன்று நானும் உடன் இருந்தேன். அந்தப் பெண்ணின் கையில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை இருந்தது. நண்பர் டார்ச்சை முகத்தில் அடித்ததும் ஒரு கையால் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டவள், மறு கையில் இருந்த மாங்காயைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அப்படியே பிடித்தபடி நின்றாள். "எங்களைத் திட்டுங்க சார், போயிடறோம். போட்டோ மட்டும் எடுக்காதீங்க" என்றான் பையன். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பையனின் அட்டையில் இருந்த அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் நண்பர் இரண்டு முறை உரக்கப் படித்தார். எதற்கு இரண்டு முறை என்று எனக்கு அங்கே புரியவில்லை, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் புரிந்தது.

அடுத்த வாரத்திலிருந்து இதை முறைப்படி செய்யலாம், வாத்தியார் முன்னால் நின்றால் பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒழுக்கம் சொல்லித் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்பதால் மறுக்க வாய் வரவில்லை. ஒப்புக்கொள்ள மனமும் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

ஐயா, சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. 18 வயது நிறைந்த இருவர் பொது இடத்தில் அமர்ந்து பேசுவது குற்றமன்று. இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை விளைவிக்கும் ஆபாசச் செயலைத்தான் தண்டிக்கிறது. எது ஆபாசம் என்று முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றமே தவிர, நடைப்பயிற்சிக் குழு அன்று. ஆனால் ஒருவரைப் போக விடாமல் மறித்து நிற்பது 126ஆம் பிரிவின்படி குற்றம். மிரட்டினால் 351ஆம் பிரிவு வரும், மிரட்டி ஒரு ரூபாய் வாங்கினாலும் 308 வரும். உங்கள் நண்பர்கள் பணம் வாங்குகிறவர்கள் அல்லர் என்று நம்புகிறேன். இருந்தாலும் இந்த வேலை எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2001இல் வதோதராவில், நள்ளிரவு கடந்த நேரத்தில் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரை, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் நிறுத்தி விசாரித்தார். அந்தப் பெண்ணுடன் தாமும் சிறிது நேரம் இருக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போன அந்த விசாரணை, கடைசியில் அந்த இளைஞர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டதில் முடிந்தது. காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அது சரியே என்று 2022 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவர் காவல்துறை அதிகாரிகூட அல்லர், காவல்துறையினருக்கே ஒழுக்கக் காவல் செய்யும் வேலை கிடையாது என்றது. சீருடை போட்டவருக்கு இல்லாத அதிகாரம் உங்கள் குழுவுக்கு எங்கிருந்து வரும்?

இன்னொன்று. இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு விருத்தாசலத்தை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டைக் கண்ணகியும் முருகேசனும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வெளியே சொல்லாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். பெண் வன்னியர், பையன் தலித். செய்தி பெண்வீட்டுக்கு எட்டிய பிறகு, ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. அப்போது தண்டிக்கப்பட்ட 13 பேரில் காவல்துறையினர் இருவரும் உண்டு. பெண்ணின் சகோதரருக்கு விதித்த தூக்கை உயர் நீதிமன்றம் 2022இல் ஆயுள் தண்டனையாக மாற்றியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உங்கள் நண்பர் தெருப் பெயரை இரண்டு முறை படித்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மறுமொழி: இரண்டு பெண்களின் தகப்பன், நெல்லிக்குப்பம்

வழக்கறிஞர் ஐயா பிரிவு எண்களை வரிசையாக அடுக்கிவிட்டார். தினமும் பிள்ளையைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மாலையில் அவள் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் நிலை எந்தப் பிரிவில் வருகிறது? பொள்ளாச்சியில் 2019இல் வெளிவந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? நம்பிக்கையாகப் பழகி அழைத்துப் போனவர்கள்தான் அந்தப் பெண்களைச் சீரழித்தார்கள். என் பெண் யாருடன் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முன்பின் தெரியாத ஒருவர் எனக்குச் சொன்னால், அவருக்கு நான் நன்றிதான் சொல்வேன். பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைகளையும் அந்தக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். அவர்களையும் கண்டுகொள்ளாமல் போகச் சொல்கிறீர்களா?

மறுமொழி: முத்தியால்பேட்டைக்காரி, புதுச்சேரி

நெல்லிக்குப்பம் அண்ணனுக்கு வணக்கம். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பொள்ளாச்சியைத் தயவுசெய்து சரியாக நினைவுகூருங்கள். அந்தக் கும்பல் கையில் வைத்திருந்த ஆயுதம் வீடியோ. அதைக் காட்டி மிரட்டியே பெண்களை அடக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்ற பயம் அந்தப் பெண்களுக்கு இல்லாதிருந்தால் அந்த ஆயுதம் பலித்திருக்காது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது என்றால், அந்தப் பயத்தையும் மீறிச் சில பெண்கள் சாட்சி சொன்னார்கள் என்பதால்தான்.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். 2009இல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, இங்கே ஒரு பூங்காவில் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்த என்னை யாரோ படம் எடுத்தார்கள். அவனைக் காதலித்தேன், அதில் மறைக்க எதுவும் இல்லை. அந்தப் படம் நேராக அப்பாவிடம் வரவில்லை. தெருமுனை மளிகைக் கடை வழியாக வந்தது. வருவதற்குள் பத்துப் பதினைந்து பேர் பார்த்திருந்தார்கள். நல்லெண்ணெய் வாங்கப் போன அப்பாவைக் கடைக்காரர் உள்ளே கூப்பிட்டுக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்திக் காட்டினாராம். அப்பா பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

அப்பா முரடர் அல்லர். தனியாக அவருக்குத் தெரியவந்திருந்தால் திட்டியிருப்பார், நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், ஐந்தாம் நாள் அம்மாவிடம், "பையன் என்ன படிக்கிறான்னு கேளு" என்று சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஊரே பார்த்துவிட்ட பிறகு அவருக்கு அந்த ஐந்தாம் நாள் வாய்க்கவில்லை. தெருவுக்குப் பதில் சொல்வதற்காக என்னைத் தண்டித்தார். படிப்பு நின்றது. அந்த ஆண்டுத் தேர்வுக்கான ஹால் டிக்கெட் இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

வாத்தியார் ஐயா, நீங்கள் கடற்கரையிலிருந்து துரத்தினால் அவர்கள் வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். கடலூரிலிருந்து பேருந்து ஏறி எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலைக் கூட்டத்தில் கலந்துகொண்டால் நல்லது. ஆளில்லாத சவுக்குத் தோப்புக்குள் போனால், சங்கிலி பறிப்பவன் அங்கேதான் காத்திருப்பான்.

மறுமொழி: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

பள்ளிச் சீருடை பற்றிய கேள்வி சரியானது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். அங்கேயும் படம் எடுக்க வேண்டிய தேவை இல்லை. வாத்தியார் ஐயா, வியாழக்கிழமை எடுத்த படம் இப்போது யாரிடம் இருக்கிறது?

மறுமொழி: கணக்கு வாத்தியார், கடலூர்

முத்தியால்பேட்டை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை நண்பரிடம் அதைத்தான் கேட்டேன். பையனின் ஊரில் தமக்குத் தெரிந்த ஒருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டார், பெண் வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். என் கண்ணெதிரே நண்பரின் கைப்பேசியிலிருந்து படத்தை அழிக்க வைத்தேன். இந்த வேலைக்கு நான் வரப்போவதில்லை என்றும், செய்தால் நானே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பேன் என்றும் குழுவில் சொன்னேன். மூன்று பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், இருவர் தனியாக வந்து நல்லது சார் என்றார்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி, உங்கள் கவலைக்கு என்னிடம் விடை இல்லை. எனக்கும் பேத்தி இருக்கிறாள். அந்த ஊர்க்காரரின் முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் பேருந்தில் குறிஞ்சிப்பாடி போய் அவரை நேரில் பார்க்கப் போகிறேன். அழித்தாரா இல்லையா என்பதைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.